காதுக்கு ஒரு கல்லூரி!

பாட்டைப் பதிவு செய்யவும் பட்டப் படிப்பு உண்டு

இரவு பத்து மணி. வீடு அடங்கி விட்டது. ஒரு பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறாள். பாடகி மூச்சு வாங்குவதுகூடக் காதருகே கேட்கிறது. இடப் பக்கம் வீணை. வலப் பக்கம் புல்லாங்குழல். சற்றுத் தள்ளி, பின்னால், தபேலா. கண்ணை மூடிக் கொண்டால் கச்சேரியே அறைக்குள் நடப்பது போல இருக்கிறது.

பாடியவர் யார் என்று அவளுக்குத் தெரியும். இசை அமைத்தவர் பெயரும் தெரியும். பாட்டு எழுதியவர் பெயரும் தெரியும். ஆனால், வீணையை இடப் பக்கம் உட்கார வைத்தவர் யார்? தபேலாவைப் பின்னால் தள்ளியவர் யார்? பாடகியின் மூச்சு நம் காதில் விழும்படி செய்தவர் யார்?

அவர் மேடையில் ஏறுவதில்லை. அவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், பொத்தான்கள் நிறைந்த ஒரு மேஜை முன் உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் ஒலிப்பதிவாளர்.

இந்த வேலைக்கு இப்போது பல்கலைக் கழகங்களில் பட்டப் படிப்பு இருக்கிறது. "அதில் சேரப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னால், பல வீடுகளில் அப்பா கேட்கும் கேள்வி ஒன்றுதான்:

"பொத்தான் திருகுவதற்கா நாலு வருஷப் படிப்பு?"

நியாயமான கேள்வி. பதில் தெரிய வேண்டுமானால், பொத்தானே இல்லாத காலத்துக்குப் போக வேண்டும்.

காலால் கலந்த பாட்டு

1877-ம் ஆண்டில் எடிசன் ஒலிப்பதிவு யந்திரத்தைக் கண்டுபிடித்தார். அப்போது மைக் கிடையாது. மின்சாரமும் தேவையில்லை. பெரிய ஊதுகுழல் போன்ற ஒரு குழாய் இருக்கும். அதன் வாயில் பாட வேண்டும். ஒலியின் வேகத்தில் குழாயின் மறு முனையில் உள்ள ஊசி அதிரும். சுழலும் பரப்பில் அது கோடு கிழிக்கும். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய புகழ் பெற்ற இசைத்தட்டுகள் இப்படித்தான் பதிவாயின.

பாடகியின் குரல் மெல்லியது. பக்கத்தில் முழங்கும் வாத்தியமோ பெரியது. இரண்டையும் சமப்படுத்துவது எப்படி?

கால்தான் வழி! மெல்லிய குரல் உடையவரைக் குழாயின் அருகே நிறுத்துவார்கள். பலத்த வாத்தியத்தைச் சுவர் ஓரம் தள்ளுவார்கள். பாடகர் உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது ஓர் அடி பின்னால் நகர வேண்டும். மறந்து விட்டால் தட்டுப் பாழ். மறுபடியும் முதலிலிருந்து பாட வேண்டியதுதான்.

1925-ம் ஆண்டில் மைக் வைத்து மின்சார முறையில் பதிவு செய்யும் வழக்கம் வந்தது. யாரையும் நகர்த்த வேண்டியதில்லை. ஆளுக்கொரு மைக் வைத்து, பொத்தானைத் திருகி, ஒன்றைக் கூட்டலாம், ஒன்றைக் குறைக்கலாம். காலால் செய்த வேலையை விரல் செய்யத் தொடங்கியது. ஆனால், எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று சொல்ல வேண்டியது என்னவோ அன்றும் இன்றும் காதுதான்.

ஸ்டூடியோவே பள்ளிக்கூடம்

அந்தக் காதை வளர்க்க அந்த நாளில் கல்லூரி இல்லை. ஸ்டூடியோவே பள்ளிக்கூடம். லண்டனில் அபே ரோடு என்னும் தெருவில் 1931-ல் ஒரு பெரிய ஒலிப்பதிவுக் கூடம் திறக்கப்பட்டது. அங்கே வெள்ளைக் கோட்டு அணிந்த தொழில்நுட்ப ஊழியர்கள் நடமாடுவார்களாம். பார்த்தால் ஆஸ்பத்திரி போலவே இருக்கும்!

1962-ம் ஆண்டில் ஜெப் எமெரிக் என்ற பையன் அங்கே உதவியாளனாகச் சேர்ந்தான். வயது 16. டேப்பை ஓட்டுவதும் நிறுத்துவதும் அவன் வேலை. மற்ற நேரமெல்லாம் மூத்தவர்கள் மைக்கை எங்கே வைக்கிறார்கள், ஏன் வைக்கிறார்கள் என்று பார்த்துக் கொண்டே இருந்தான். நாலு ஆண்டுகள் கழிந்தன. 1966-ல், 20 வயதில், உலகப் புகழ் பெற்ற பீட்டில்ஸ் கோஷ்டியின் முதன்மை ஒலிப்பதிவாளர் ஆகி விட்டார். 1968-ல் கிராமி பரிசும் பெற்றார்.

"பார்த்தீர்களா? அவர் எந்தக் கல்லூரியில் படித்தார்?" என்று அப்பா கேட்கலாம்.

உண்மைதான். ஆனால், அவருக்கு அந்த ஸ்டூடியோவே கல்லூரியாக இருந்தது. நாள் தவறாமல் கச்சேரி, சுற்றிலும் கை தேர்ந்த ஆசான்கள், மாதம் பிறந்தால் சம்பளம்! இன்று கம்ப்யூட்டர் வந்தபின், பெரிய கூடங்கள் பல மூடப்பட்டன. பலர் வீட்டு அறையிலேயே பாட்டைப் பதிவு செய்கிறார்கள். டேப்பை ஓட்ட ஒரு பையன் வேண்டாம். பையனுக்கு வேலை போனது ஒருபுறம் இருக்கட்டும். அவன் கூடவே இருந்து கற்றுக் கொண்ட பள்ளிக்கூடமும் போய் விட்டது. அந்த இடத்தைத்தான் பல்கலைக் கழகம் நிரப்ப வேண்டியிருக்கிறது.

ஒரு மேதையின் கடிதம்

இது இப்படி ஆகும் முன்பே ஒருவர் இதைப் பற்றி யோசித்தார். அவர் ஆர்னால்ட் ஷோன்பெர்க். வியன்னா நகரில் பிறந்த பெரிய சங்கீத மேதை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், 1933-ல் அமெரிக்காவில் குடியேறியவர்.

1946-ம் ஆண்டில் சிகாகோ பல்கலைக் கழகத்தின் தலைவருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ரேடியோவிலும் இசைத்தட்டிலும் சினிமாவிலும் ஒலியைக் கையாளுவதற்குத் தனியாக ஆட்களைப் பழக்க வேண்டும். சங்கீதம், ஒலி இயல், பௌதிகம், யந்திர நுட்பம் எல்லாம் அவர்களுக்குக் கற்றுத் தர வேண்டும் என்பது அதன் சாரம். இன்னொன்றும் சொன்னார். வாத்தியத்தைத் தொடாமல், ஸ்வரக் குறிப்பைப் படித்த மாத்திரத்தில், அந்தச் சங்கீதம் மனத்துக்குள் கேட்க வேண்டும். அப்படிப்பட்டவனே ஒலியைத் திருத்தத் தகுந்தவன் என்பது அவர் கருத்து.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் இந்த எண்ணம் ஜெர்மனியில் உருவெடுத்தது. யுத்தத்தில் அடிபட்ட தேசம் அது. 1949-ல், டெட்மோல்ட் என்ற சிறிய நகரத்து சங்கீதக் கல்லூரியில், எரிக் தீன்ஹவுஸ் என்ற ஒலி இயல் அறிஞர் இதற்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். படித்துத் தேறியவருக்கு 'டோன்மைஸ்டர்' என்று பெயர். ஒலிக்கு ஆசான் என்று பொருள். 1970-ல் இங்கிலாந்தில் சரே பல்கலைக் கழகம் அதே பெயரில் ஒரு பட்டப் படிப்பை ஆரம்பித்தது. சங்கீதமும் தெரிய வேண்டும், கணக்கும் பௌதிகமும் தெரிய வேண்டும் என்பது அங்கே விதி. படிப்பின் நடுவே ஓர் ஆண்டு வெளியே போய், உண்மையான ஸ்டூடியோவில் வேலை பார்க்க வேண்டும் என்றும் வைத்தார்கள். பழைய நாளின் குருகுலத்தை அவர்கள் அடியோடு விட்டு விடவில்லை!

மைக்குக்கு இடம் எது?

சரி, இந்தப் படிப்பில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்? வேலை மூன்று பங்கு. ரிக்கார்டிங், மிக்ஸிங், மாஸ்டரிங். அதாவது பதிவு செய்வது, கலப்பது, கடைசி மெருகு போடுவது.

முதலில் பதிவு. மாணவர்கள் ஒரு வயலினுக்கு முன் மைக் வைக்கிறார்கள். ஓர் அடி தூரத்தில் வைத்தால் வில் உராயும் சத்தம்கூட விழுகிறது. ஆறு அடி தள்ளி வைத்தால் வயலினோடு அறையும் சேர்ந்து பாடுகிறது. எது சரி? இரண்டும் சரி. பாட்டு எதைக் கேட்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு மைக் வைத்தால் சங்கடமும் இரட்டிப்பு. ஒலி ஓர் அடி நடக்க, ஏறக்குறைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. ஆகவே ஒரே ஒலி ஒரு மைக்குக்கு முன்னும் மற்றதற்குச் சற்றுப் பின்னும் போய்ச் சேரும். ஒன்று ஊஞ்சலை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்தால் ஊஞ்சல் ஆடுமா? அதே போல, இரண்டு ஒலியும் ஒன்றை ஒன்று அழித்துக் கொள்ளும். பாட்டு சோகை பிடித்தது போல் ஆகும். இதைத் தவிர்க்க ஒரு கை விதி உண்டு. வாத்தியத்துக்கும் மைக்குக்கும் ஓர் அடி என்றால், ஒரு மைக்குக்கும் அடுத்த மைக்குக்கும் குறைந்தது மூன்று அடி இருக்கட்டும் என்பார்கள்.

காதுக்குச் சரளி வரிசை

சங்கீதம் கற்கும் குழந்தை சரளி வரிசையில் தொடங்குகிறது அல்லவா? ஒலிப்பதிவு மாணவனின் காதுக்கும் அப்படி ஒரு சரளி வரிசை இருக்கிறது. போலந்து நாட்டின் வார்ஸா நகரத்து சங்கீதக் கல்லூரியில் 1970-களில் இதற்கு ஒழுங்கான பாடம் வகுத்தார்கள்.

மனிதனின் காது, விநாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை கேட்கக் கூடியது. இதைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள். 63, 125, 250, 500, 1,000, 2,000 என்று இரட்டித்துக் கொண்டே போகும். ஆசிரியர் ஒரு பாட்டை ஓட விடுவார். ஏதாவது ஒரு துண்டை மட்டும் தூக்கி விடுவார். "எது?" என்று கேட்பார். மாணவன் எண்ணைச் சொல்ல வேண்டும்.

முதல் வாரத்தில் குத்து மதிப்புதான். போகப் போக அடையாளம் பிடிபடும். 250-ஐத் தூக்கினால் குடத்துக்குள் பேசுவது போல இருக்கும். 1,000-ஐத் தூக்கினால் தகரக் குழாய் வழியே வருவது போல இருக்கும். 8,000 என்றால் 'ஸ'வும் 'ஷ'வும் சீறும். பழகிய காது, பாட்டைக் கேட்ட உடனே, "250-ல் கொஞ்சம் குறையுங்கள்" என்று சொல்லி விடும். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பது போலத்தான்.

கூட்டுவதல்ல, குறைப்பதே கலை

இரண்டாவது, கலப்பது. குரல் தனி, வீணை தனி, தபேலா தனி என்று பதிவாகி இருக்கும். சில பாட்டுகளில் இப்படி நூறு வரிகளுக்கு மேல்கூட இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பாட்டாக்க வேண்டும்.

குரல் கேட்கவில்லை என்றால் புதிய மாணவன் என்ன செய்வான்? குரலைக் கூட்டுவான். பிறகு வீணை கேட்காது. வீணையைக் கூட்டுவான். பிறகு தபேலா கேட்காது! கல்யாண வீட்டில் ஒருவர் சத்தமாகப் பேச, அடுத்தவர் அதற்கு மேல் சத்தமாகப் பேச, கடைசியில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காமல் போகும் அல்லவா? அந்தக் கதைதான். குரல் பேசும் இடத்தில் வீணையைச் சற்று அடக்கினால் போதும். குரல் தானே மேலே வரும்.

இன்னொரு பாடம், காது நம்மை ஏமாற்றும் என்பது. சத்தம் குறைந்தால், கனத்த ஒலி மற்றதை விட அதிகமாகக் குறைந்தது போலக் காதுக்குத் தோன்றும். பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-ல் இதை அளந்து காட்டினார்கள். வீட்டிலேயே சோதிக்கலாம். பாட்டை மெல்ல வைத்தால் தபேலாவின் கும்கி காணாமல் போகும். ஆகவே, காது கிழிய வைத்துக் கொண்டு கலந்த பாட்டு, வீட்டில் மெதுவாகக் கேட்கும்போது சப்பென்று இருக்கும்.

அதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. ஒரே பாட்டை இரண்டு விதமாகக் கலந்து கேட்டால், எது சற்றுச் சத்தமாக இருக்கிறதோ அதுவே நன்றாக இருப்பது போலத் தோன்றும்! அதனால் ஒப்பிட்டுப் பார்க்கும்போது இரண்டின் சத்தத்தையும் முதலில் சமமாக்க வேண்டும். யார் கலந்தது என்ற பெயரையும் மறைத்து விட்டால் இன்னும் நல்லது. பெயர் தெரியாமல் கேட்டால்தான் தீர்ப்பு நேர்மையாக இருக்கும்.

சத்தப் போட்டி

மூன்றாவது, மெருகு. கலந்து முடித்த பாட்டை, பெரும்பாலும் வேறொருவர், வேறோர் அறையில், புதிய காதோடு கேட்பார். இசைத்தட்டு நாளில் இது உயிர்நிலையான வேலை. கனத்த ஒலி மிஞ்சினால், தட்டின் பள்ளத்திலிருந்து ஊசி துள்ளி வெளியே வந்து விடும்! ஒரு தொகுப்பில் எந்தப் பாட்டு முன், எந்தப் பாட்டு பின், நடுவே எத்தனை விநாடி மௌனம் என்பதை ஒழுங்கு செய்வதும் இங்கேதான்.

சத்தமாக இருந்தால் நன்றாகத் தோன்றும் என்ற ஏமாற்று இந்த அறைக்குள்ளும் புகுந்தது. 1990-களில், "என் பாட்டு உன் பாட்டை விடச் சத்தமாக இருக்க வேண்டும்" என்று போட்டி மூண்டது. பாட்டின் மெல்லிய இடங்களையெல்லாம் தூக்கி, உச்சங்களை நசுக்கி, எல்லாம் ஒரே உயரமாக ஆக்கினார்கள். 2008-ல் மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் கோஷ்டியின் புதிய தொகுப்பு வெளிவந்தபோது ரசிகர்களே கொதித்தார்கள். காது கரகரக்கிறது, மறுபடியும் மெருகு போடுங்கள் என்று ஆயிரக் கணக்கானவர்கள் கையெழுத்திட்டார்கள். அதே பாட்டுகள், ஒரு வீடியோ விளையாட்டில் நசுக்கப்படாமல் வந்திருந்தன. அதையும் இதையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அவர்கள் சண்டை போட்டார்கள்.

இதற்கிடையே, 2006-ல் காது உணரும் சத்தத்தை அளக்க உலகப் பொதுவான ஓர் அளவு முறை வந்திருந்தது. இன்று இணையத்தில் பாட்டு வழங்கும் நிலையங்கள் பல, மிஞ்சிய சத்தத்தைத் தாமே குறைத்து விடுகின்றன. நசுக்கியவனுக்கு லாபம் இல்லை. பாட்டு நசுங்கியதுதான் மிச்சம்.

போனால் வராத மூலதனம்

மைக் பழுதானால் வேறு வாங்கலாம். காது பழுதானால்? காதுக்குள் சுமார் 15,000 நுண்ணிய மயிர் அணுக்கள் இருக்கின்றன. மனிதனுக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

அதனால் மாணவன் தெரிந்து கொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம்! ஹெட்போனும் காதுமாகத் திரியும் பிள்ளைகள் எல்லோருமே மனப்பாடம் செய்ய வேண்டிய வாய்ப்பாடு இது.

தரமணியில்

நம் ஊரிலும் இந்தப் படிப்புக்கு வயது அதிகம். 1945-ல் சென்னையில் சினிமாத் தொழிலைக் கற்பிக்க அரசாங்கம் தொடங்கிய பயிற்சிதான், இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் விளங்கும் அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். அங்கே ஒலிப்பதிவு நாலு ஆண்டுப் பட்டப் படிப்பாக இருக்கிறது. பட்டம் அளிப்பது தமிழ்நாட்டின் இசை, கவின்கலைப் பல்கலைக் கழகம். 2009-ல் ஆஸ்கார் பரிசு பெற்ற ரசூல் பூக்குட்டி, புனாவில் உள்ள திரைப்படக் கல்லூரியில் ஒலி படித்தவர்தான்.

பெண்கள் படிக்கலாமா என்ற கேள்விக்கு விடை 2019-ல் கிடைத்தது. பாட்டுத் தொகுப்பின் ஒலிப்பதிவுச் சிறப்புக்கான கிராமி பரிசை, மெருகு போடும் துறையிலிருந்து முதன்முதலாக ஒரு பெண் பெற்றார். எமிலி லாசர் என்று பெயர். நியூயார்க் பல்கலைக் கழகத்தில் இசைத் தொழில்நுட்பத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர்.

ஆனால், அப்பாவிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. பட்டம் வாங்கிய மறுநாள் வேலை காத்திருக்காது. ஸ்டூடியோ வாசலில் சான்றிதழைக் கேட்பதைவிட, "எதைப் பதிவு செய்திருக்கிறாய்? போட்டுக் காட்டு" என்றுதான் கேட்பார்கள். இரவு பகல் தெரியாத உழைப்பு. சினிமாப் பாட்டு ஒன்றையே நம்பியிருந்தால் ஏமாற்றமே மிஞ்சலாம். மேடைக் கச்சேரி, தொலைக்காட்சி, பேசும் புத்தகம், பழைய இசைத்தட்டுகளைச் சுத்தம் செய்து காப்பாற்றுவது என்று வேறு வழிகளும் உண்டு. அவற்றுக்கும் மனம் இருக்க வேண்டும்.

பிள்ளைக்கு அந்த மனமும் காதும் இருக்கிறதா? காசு செலவில்லாமல் சோதிக்கலாம். வீட்டில் பாட்டி இருந்தால் ஒரு தாலாட்டைப் பாடச் சொல்லுங்கள். பிள்ளை அதைச் செல்போனில் மூன்று இடங்களில் பதிவு செய்யட்டும். சமையல் அறையில் ஒரு முறை. கூடத்தில் ஒரு முறை. துணிமணி நிறைந்த அலமாரியின் பக்கத்தில் ஒரு முறை. மூன்றையும் கேட்டு விட்டு, "எல்லாம் ஒன்றுதானே" என்றால் வேறு படிப்பைப் பார்க்கலாம். "சமையல் அறையில் குரல் எதிரொலிக்கிறது; அலமாரிப் பக்கத்தில்தான் பாட்டியின் குரல் பாட்டியின் குரலாக இருக்கிறது" என்று சொன்னால், அப்பா கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பிள்ளை கல்லூரிக்குப் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, அந்த மூன்றாவது பதிவை மட்டும் அழித்து விடாதீர்கள். பாட்டியின் குரல் அதில் பத்திரமாக இருக்கிறது!